மருந்தடிச்ச சட்டையும் தொப்புள்கொடியும்

போன மாசம் அண்ணன் மகள் ஓசூர்ல இருந்து போன் பண்ணினா. கல்யாணம் முடிஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. "சித்தப்பா, அடுத்த வருஷம் குழந்தைக்குப் பார்க்கலாம்னு இருக்கோம். இப்பவே விஷமில்லாத காய்கறிக்கு மாறிடலாம்னு அவர் சொல்றார். உங்க தோட்டத்துல இருந்து வாரம் ஒரு பெட்டி பஸ்ல போட்டு விடுவீங்களா?"ன்னு கேட்டா.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனா அவகிட்ட உண்மையைச் சொல்லணுமே. என்கிட்ட இருக்கிறது ரெண்டு ஏக்கர். தென்னைக்கும் அவரைக்கும் நான் எதுவும் அடிக்கிறதில்லை. தக்காளிக்கு இன்னும் சில பட்டத்துல அடிக்கத்தான் செய்றேன். அதைச் சொன்னேன். "அப்ப எதைத்தான் சாப்பிடறது சித்தப்பா?"ன்னா. நாளைக்குச் சொல்றேன்னு வச்சுட்டேன். அன்னைக்கு ராத்திரி யோசிச்சப்பதான், இது காய்கறிக் கூடையோட முடியுற விஷயம் இல்லைன்னு தோணுச்சு. இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. அதுல எனக்கும் பங்கு இருக்கு.

எங்க ஊர்ல பூச்சிக்கொல்லின்னு யாரும் சொல்றதில்லை. "மருந்து"ன்னுதான் சொல்லுவோம். "பருத்திக்கு மருந்தடிக்கப் போறேன்", "மருந்துக்கடையில கடன் இருக்கு". காய்ச்சலுக்குக் குடிக்கிறதும் மருந்து, காய்ப்புழுவுக்கு அடிக்கிறதும் மருந்து. நான் சின்னப் பையனா இருந்தப்ப பி.எச்.சி. பவுடரைத் துணிப்பையில கட்டி செடி மேல தட்டுவோம். வெள்ளையா மூஞ்சியெல்லாம் அப்பிக்கும். தலையில பேன் இருந்தா அதையே கொஞ்சம் தேய்ச்சுவிட்ட வீடுகளும் உண்டு. மருந்துன்னு பேர் வச்ச பிறகு யாருக்குப் பயம் வரும்?

பயம் இருந்தது ரெண்டு பேருக்குத்தான். எண்ட்ரின், பாலிடால். அதுவும் குடிச்சாத்தான் சாவுங்கிற பயம். ஊர்ல ஒரு சண்டைன்னா "எண்ட்ரினைக் குடிச்சுருவேன்"னு மிரட்டுறது வழக்கமாவே இருந்தது. இந்த பாலிடாலுக்கு நம்ம பக்கத்துல பெரிய வரலாறே இருக்கு. 1958-ல கேரளாவுக்கு வந்த ஒரு கப்பல்ல கோதுமை மாவு மூட்டைகளோட இந்த மருந்தும் சேர்ந்து வந்திருக்கு. வழியில கசிஞ்சு மாவுல இறங்கிருச்சு. அதைச் சாப்பிட்டவங்கள்ல 100 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்குப் பிறகு விசாரணைக் கமிஷன், நிபுணர் குழு எல்லாம் போட்டு, பத்து வருஷம் கழிச்சு 1968-ல மத்திய அரசு பூச்சிக்கொல்லிச் சட்டம் கொண்டு வந்தது. இன்னைக்கும் நம்ம டப்பா மேல சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு முக்கோணம் போடுறாங்களே, அது அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிதான். சிவப்புன்னா கடும் விஷம், பச்சைன்னா லேசு.

அந்த நிறம் எதைச் சொல்லுதுன்னு கவனிக்கணும். உள்ளே போனா எவ்வளவு சீக்கிரம் ஆளைச் சாய்க்கும்ங்கிறதைத்தான் அது சொல்லுது. நாலு மாசக் கர்ப்பிணி தினமும் துளித்துளியா மூச்சுல இழுத்தா உள்ளே இருக்கிற பிள்ளைக்கு என்ன ஆகும்னு அந்த முக்கோணத்துல எழுதியிருக்காது.

இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் கிடைச்சது ஜப்பான்ல ஒரு மீனவர் ஊர்ல. மினமாட்டான்னு பேர். அங்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலை பாதரசக் கழிவைக் கடல்ல விட்டுக்கிட்டு இருந்தது. முதல்ல பூனைங்க கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஆடி விழுந்து செத்துச்சு. அப்புறம் மனுசங்க. கை நடுங்கும், பேச்சு குழறும், கண் மங்கும். 1956 மே மாசம் அதிகாரபூர்வமா நோய்னு பதிவு ஆச்சு. பூனையும் மனுசனும் சாப்பிட்டது ஒரே மீன்.

அதே ஊர்ல கை கால் முறுக்கி, தலை நிற்காம, பேச்சு வராம குழந்தைகள் பிறந்தாங்க. அந்தக் குழந்தைங்க மீனே தின்னதில்லை. பெத்த அம்மாக்களோ பார்க்க நல்லாவே இருந்தாங்க. டாக்டர்கள் இது வேற ஏதோ மூளைக் கோளாறுன்னாங்க. ஏன்னா நஞ்சுக்கொடி ஒரு வேலி மாதிரி, அம்மா உடம்புல இருக்கிற விஷத்தைப் பிள்ளைக்கு விடாதுன்னு அப்ப வைத்திய உலகம் நம்பிச்சு. 1962-லதான், இறந்துபோன குழந்தைகளைப் பரிசோதிச்ச பிறகு, வேலி தாண்டி விஷம் போயிருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க. அம்மாக்கள் தப்பிச்சதுக்குக் காரணமே, அவங்க உடம்புல இருந்த பாதரசத்துல ஒரு பங்கைப் பிள்ளை வாங்கிக்கிட்டதுதான். இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை.

மசசுமி ஹராடான்னு ஒரு டாக்டர். அவர் செஞ்சதுதான் எனக்குப் பெரிய விஷயம். நம்ம ஊர்ல தொப்புள்கொடி காய்ஞ்சு விழுந்ததும் வெள்ளித் தாயத்துல அடைச்சு அரைஞாண் கயித்துல கட்டுவோம்ல, அதே மாதிரி ஜப்பான்லயும் காய்ஞ்ச கொடியைச் சின்னப் பெட்டியில வச்சுப் பாதுகாப்பாங்க. ஹராடா வீடு வீடாப் போய் அந்தக் கொடிகளை வாங்கிச் சோதிச்சார். பாதரசம் இருந்தது. எந்த வருஷம் பிறந்த பிள்ளைக் கொடியில எவ்வளவுங்கிறதைத் தொழிற்சாலை ஓடின வருஷத்தோட ஒப்பிட்டுப் பார்க்கவும் முடிஞ்சது. என் தாயத்து எங்கம்மா பெட்டியில இன்னும் கிடக்கு. அதைத் திறந்து சோதிச்சா பி.எச்.சி. இருக்கும்னு நான் என் பொண்டாட்டிகிட்ட விளையாட்டாச் சொல்லுவேன். அவ சிரிக்க மாட்டா.

(பாதரசத்துக்கு ஜப்பான் வரைக்கும் போகணும்னு இல்லை. எங்க மாவட்டத்துக்குப் பக்கத்து மலை கொடைக்கானல். அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்து வச்ச தெர்மாமீட்டர் தொழிற்சாலை அங்கே 2001-ல மூடப்பட்டது. பழைய தொழிலாளர்கள் 591 பேருக்கு 2016-லதான் சமரசம் முடிஞ்சது. அது தனியா எழுத வேண்டிய கதை.)

இப்ப நம்ம பக்கம் வர்றேன். கேரளா, காசர்கோடு. அங்கே அரசுத் தோட்டக் கழகத்துக்கு 4,500 எக்டேருக்கு மேல முந்திரிக் காடு. 1970-களோட கடைசியில இருந்து 2000 வரைக்கும் வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை ஹெலிகாப்டர்ல எண்டோசல்பான் தெளிச்சாங்க. மலைச்சரிவு, நடுவுல ஓடை, கிணறு, வீடு, பள்ளிக்கூடம். மேலே இருந்து அடிக்கிற மருந்துக்கு எது முந்திரி, எது கிணறுன்னு தெரியுமா? இங்கேயும் முதல்ல தகவல் சொன்னது வாயில்லாச் சீவன்தான். 1979 வாக்குல கன்னுக்குட்டிகள் கால் கோணிப் பிறந்துச்சு. ஸ்ரீ பத்ரேன்னு ஒரு விவசாயி, பத்திரிகைக்காரரும்கூட, அதைப் பார்த்து எழுதினார். அப்ப யாரும் பெருசா எடுத்துக்கலை. பத்ரே கிராமத்துல மோகன் குமார்னு ஒரு டாக்டர். இந்தச் சின்ன ஊருக்குள்ள இத்தனை வகை ஊனமும் மூளை வளர்ச்சிக் குறைவும் எப்படி வருதுன்னு அவர் குறிப்பு எடுத்து வச்சார். லீலாகுமாரி அம்மான்னு வேளாண்மைத் துறையில வேலை பார்த்த ஒரு அம்மா, 1998-ல கோர்ட்டுக்குப் போய் ஹெலிகாப்டர் தெளிப்புக்குத் தடை வாங்கினாங்க. மருந்தை சிபாரிசு பண்ற அதே துறையில இருந்துக்கிட்டு! அந்தத் தைரியத்தை நினைச்சா இன்னும் ஆச்சரியமா இருக்கு.

அதுக்கப்புறம் பதிமூணு வருஷம் குழு மேல குழு. ஒண்ணு மருந்துதான் காரணம்னது, இன்னொண்ணு நிரூபணம் இல்லைன்னது. 2011 ஏப்ரல்ல உலக நாடுகள் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துல எண்டோசல்பானைச் சேர்த்தாங்க. அதே வருஷம் மே 13-ந் தேதி நம்ம உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை போட்டது. 2017 ஜனவரியில பாதிக்கப்பட்டவங்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் குடுக்கச் சொல்லுச்சு. கன்னுக்குட்டியில இருந்து தடை வரைக்கும் கணக்குப் போட்டா 32 வருஷம். அந்த வருஷங்கள்ல பிறந்த பிள்ளைகள் இப்ப பெரியவங்களா, கட்டில்லயே கிடக்காங்க. பார்த்துக்கிற அம்மாக்களுக்கு வயசாகுது.

அதே எண்டோசல்பானை நானும் அடிச்சிருக்கேன். 1990-கள்ல எங்க பக்கம் பருத்தி அதிகம். காய்ப்புழுவும் வெள்ளை ஈயும் பிடிச்சா வாரம் ஒரு தடவை டேங்கைத் தூக்கிடுவோம். கடைக்காரர் குடுக்கிறதுதான் மருந்து, அவர் சொல்றதுதான் அளவு. "ஒரு டேங்குக்கு ரெண்டு மூடி"ன்னா மூணு மூடி ஊத்துவேன். சட்டை நனைஞ்சு முதுகுல ஒட்டும். வீட்டுக்கு வந்து கழட்டிப் போடுவேன். என் பொண்டாட்டி அதைத் தன் சேலையோட சேர்த்து வச்சுக் கையால கும்மித் துவைப்பா. 1996-ல அவளுக்கு முதல் பிள்ளை உண்டாச்சு. அஞ்சாம் மாசம் கலைஞ்சு போச்சு.

மருந்தாலதான் அப்படி ஆச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஊர்ல மருந்தே தொடாத வீட்டிலயும் கலையுது. ஆனா அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவகிட்ட என்னென்னவோ கேட்டாங்க. பப்பாளி தின்னியா, படியில ஏறி இறங்கினியா, குடத்தைத் தூக்கினியா. உன் வீட்டுக்காரன் என்ன வேலை பார்க்கிறான், அவன் சட்டையை யாரு துவைக்கிறதுன்னு ஒருத்தரும் கேட்கலை. எனக்கும் அப்படி ஒரு கேள்வி இருக்குன்னு தெரியாது. பழி எல்லாம் அவ மேலயும் பப்பாளி மேலயும் விழுந்துச்சு. எங்கம்மாவே ரெண்டு வருஷம் அதைச் சொல்லிக் காமிச்சா. நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். பிறகு ரெண்டு பிள்ளை பிறந்து நல்லா இருக்காங்க, ஆனா அந்த ரெண்டு வருஷத்தைத் திருப்பிக் குடுக்க முடியுமா.

பிள்ளை உயிரோட பிறந்து, பார்க்க லட்சணமா இருந்தாலும் கதை முடியலைங்கிறதை இன்னொரு ஆராய்ச்சி சொல்லுது. மெக்சிகோவுல யாக்கின்னு ஒரு பழங்குடி. ஒரே சனம், ஒரே சாப்பாடு. பள்ளத்தாக்குல இருந்தவங்க 1940-களோட கடைசியில இருந்து மருந்தடிச்சு விவசாயம் பண்ணினாங்க. மலையடிவாரத்துல இருந்தவங்க மருந்து வேண்டாம்னு பழைய மாதிரியே மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. எலிசபெத் கில்லட்னு ஒரு மானுடவியல் அம்மா ரெண்டு பக்கமும் நாலஞ்சு வயசுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு விளையாட்டு மாதிரி சோதனை வச்சாங்க. பந்து பிடி, குதி, உலர்ந்த திராட்சையைச் சின்ன மூடிக்குள்ள போடு, ஒரு மனுசனை வரை. மலையடிவாரப் பிள்ளைகள் தலை, கண், கை, கால்னு வரைஞ்சாங்க. பள்ளத்தாக்குப் பிள்ளைகள் பலரும் போட்டது வெறும் கிறுக்கல். 1998-ல வெளியான அந்தப் படங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இதே சோதனையை 2003 வாக்குல கிரீன்பீஸ் இந்தியா அமைப்பு இங்கேயும் செஞ்சது. ஆறு மாநிலம், பருத்திப் பகுதிகள், சுமார் 900 பிள்ளைகள். தமிழ்நாட்டுல அவங்க எடுத்துக்கிட்ட மாவட்டம் எங்க தேனி. பெரும்பாலான சோதனைகள்ல, மருந்து அதிகம் அடிக்கிற ஊர்ப் பிள்ளைகள் பின்தங்கி இருந்தாங்க. அது ஒரு இயக்கம் செஞ்ச ஆய்வு, அதை வச்சே எல்லாம் நிரூபணம் ஆயிடுச்சுன்னு சொல்ல முடியாது. ஆனா என் சொந்த மாவட்டத்துப் பிள்ளைகளைப் பத்தி வந்த சேதி, எங்க ஊர் டீக்கடையில ஒரு நாள்கூடப் பேச்சா வரலை.

எங்க ஊர்ல காலையில அஞ்சரை மணிக்கு வந்து பார்த்தா ஜீப் வரிசை நிற்கும். தேவாரம், போடி, கோம்பைப் பக்கத்துல இருந்து பொம்பளைங்க தூக்குவாளியோட ஏறி கேரள ஏலக்காட்டுக்குப் போவாங்க. எங்க பாட்டி காலத்துல மலைப்பாதையில நடந்தே போனாங்க. ஏலத்துக்குத் திரிப்ஸ், தண்டு துளைப்பான், மழைக்காலத்துல அழுகல். நள்ளானின்னு நல்ல விளைச்சல் ரகம் வந்த பிறகு காய்ப்பும் கூடுச்சு, மருந்தும் கூடுச்சு. மாசத்துக்கு ஒரு ரவுண்டு, சிலசமயம் அதுக்கும் மேல. ஒரு பக்கம் ஆம்பளைங்க ஓஸ் பிடிச்சு அடிப்பாங்க, கொஞ்சம் தள்ளி பொம்பளைங்க குனிஞ்சு பழம் எடுப்பாங்க. செடி ஆள் உயரத்துக்கு மேல. பழம் இருக்கிறது அடியில. அடிச்ச மருந்து சொட்டுறது குனிஞ்ச முதுகு மேல. அந்த ஜீப்புல மூணு மாசக்காரியும் இருப்பா, நாலு மாசக்காரியும் இருப்பா. வெளியே தெரிஞ்சா வேலை போயிடும்னு சொல்ல மாட்டாங்க. மூணாம் மாசம் வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நம்மகிட்ட ஒரு வழக்கம் வேற. பிள்ளைக்குக் கை, கால், இருதயம், மூளை எல்லாம் உருவாகிறது அந்த மூணு மாசத்துலதான்.

2023 ஜனவரியில சபரிமலை அரவணைப் பாயசத்தை விக்கக்கூடாதுன்னு கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தி வச்சது ஞாபகம் இருக்கும். அதுல போட்ட ஏலக்காயில பூச்சிக்கொல்லி அளவுக்கு மேல இருந்ததுன்னு சோதனையில வந்தது. ஆறரை லட்சம் டின்னுக்கு மேல முடங்கிருச்சு. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து பண்ணினாலும், அந்த டின்னை யாரும் சாப்பிடலை. ஒரு டின் பாயசத்துல ஏலக்காய் எத்தனை கிராம் இருந்துடப் போகுது? அதுக்கு இத்தனை கோர்ட். அந்த ஏலக்காயை நாள் முழுக்கக் கையால எடுக்கிற பொம்பளைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை உண்டா? 2015-ல தமிழ்நாட்டுக் காய்கறியில விஷம்னு கேரளாவுல பெரிய பேச்சா இருந்தப்பவும் நான் இதையேதான் நினைச்சேன்.

பட்டணத்துல இருக்கிறவங்க, இதெல்லாம் காட்டுக் கதைன்னு நினைச்சுடாதீங்க. நியூயார்க்ல கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரங்க அடுக்குமாடி வீட்டுக் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனிச்சு, பிள்ளை பிறந்தப்ப தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதிச்சாங்க. கரப்பான் பூச்சிக்கு வீட்டுக்குள்ள அடிச்ச குளோர்பைரிபாஸ் அதுல இருந்தது. அளவு அதிகமா இருந்த பிள்ளைகளுக்கு வளர்ச்சியும் அறிவுத்திறனும் குறைஞ்சிருந்தது. அமெரிக்காவுல 2000-லயே அதை வீட்டு உபயோகத்துல இருந்து எடுத்துட்டாங்க. நம்ம ஊர்ல புது வீடு கட்டும்போது அஸ்திவாரத்துல கரையானுக்கு ஊத்துறது பெரும்பாலும் அதேதான். வளைகாப்புக்கு முன்னாடி வீட்டைச் சுத்தம் பண்றோம்னு பூச்சிக்கு ஸ்பிரே அடிக்கிறது, பிள்ளை ரூமுக்கு பழைய பெயிண்டைச் சுரண்டிட்டுப் புது பெயிண்ட் அடிக்கிறது, இதையெல்லாம் பிள்ளை உண்டாகிறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. பெயிண்டுல ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல கூடாதுங்கிற விதி நம்ம நாட்டுல அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அதுக்கு முன்னாடி அடிச்ச சுவரைச் சுரண்டினா வர்ற தூசியில என்ன இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

ஆம்பளைகளும் இதைப் பொம்பளை விஷயம்னு ஒதுங்க முடியாது. 1977-ல கலிபோர்னியாவுல டி.பி.சி.பி.ங்கிற நூற்புழுக் கொல்லி தயாரிச்ச ஆலைத் தொழிலாளர்கள், நம்ம யாருக்கும் பிள்ளையே இல்லையேன்னு தங்களுக்குள்ள பேசிக்கிட்டுப் போய்ச் சோதிச்சுப் பார்த்தாங்க. பலபேருக்கு விந்தணுவே இல்லை. அதைக் கண்டுபிடிச்சதும் பேசிக்கிட்ட தொழிலாளிகள்தான்.

மறுநாள் அண்ணன் மகளுக்குப் போன் போட்டேன். காய்கறியைத் தண்ணியில நல்லாக் கழுவு, தோலைச் சீவுறதைச் சீவு, மருந்து இருக்கும்னு பயந்து காய் திங்கிறதை மட்டும் நிறுத்திடாதே, மாசமா இருக்கிறப்ப அது இன்னும் கெடுதல்னு சொன்னேன். அவரையும் தேங்காயும் அனுப்புறேன்னேன். அப்புறம் கேட்டேன்:

"மாப்பிள்ளைக்கு என்ன வேலைம்மா இப்ப?"

"பேட்டரி கம்பெனிதான் சித்தப்பா. தட்டு வார்க்கிற செக்‌ஷன்ல சூப்பர்வைசர்."

பேட்டரித் தட்டுன்னா ஈயம். தூசியா முடியில, செருப்புல, துணியில ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வரும். அம்மா உடம்புக்குள்ள போனா எலும்புல போய்த் தங்கும். வருஷக்கணக்குல இருக்கும். பிள்ளை உண்டாகி எலும்புல இருந்து சுண்ணாம்புச் சத்து இறங்கும்போது அதோட சேர்ந்து இறங்கிப் பிள்ளைக்குப் போகும்.

"அவர் யூனிஃபார்மை எங்க துவைக்கிறீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "வாஷிங் மெஷின்ல சித்தப்பா. என் துணியோட சேர்த்துத்தான்."

நான் என் சட்டைக் கதையை அவளுக்கு முதல் தடவையாச் சொன்னேன். பக்கத்துல என் பொண்டாட்டி அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தா. கை நின்னுச்சு. நான் அதை இன்னொருத்தர்கிட்ட சொல்லி அவ கேட்டதே இல்லை.

இப்ப மாப்பிள்ளை கம்பெனியிலயே குளிச்சு, துணி மாத்திக்கிட்டு வர்றார். யூனிஃபார்ம் வீட்டுக்கு வர்றதில்லை, செருப்பு வாசலுக்கு வெளியே. ரெண்டு பேரும் ரத்தத்துல ஈயம் பார்க்கிற டெஸ்டுக்குக் குடுத்திருக்காங்க. இந்த வாரம் ரிசல்ட் வரும்னு சொன்னா. தேங்காய்ப் பெட்டி வியாழக்கிழமை பஸ்ல போகுது.